வீங்கிய இதயமும் ஆட்டுக்குட்டி ஊசியும்

இதயத் தசை வீங்கிப்போனவர்களுக்கு ஸ்டெம் செல்லைச் செலுத்திப் பார்க்கிறார்களாம். எங்கெங்கோ ஆராய்ச்சி நடக்கிறதாம். என் மகள் போன வாரம் கைபேசியில் படித்துவிட்டு வந்து சொன்னாள். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். "இதுக்குப் போயி இவ்வளவு ஆச்சரியப்படுறியே, நம்ம குடும்பத்துல செல் வைத்தியம் எப்பவோ பாத்தாச்சு," என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அதெல்லாம் நடந்தபோது அவளுக்குப் பாலர் பள்ளி வயது. நடந்ததில் பாதியை நாங்கள் அவளுக்குச் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் தன் மாமாவைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்திருப்பாள். குடும்பத்தில் ஒருத்தியாவது அந்த மனிதரை மதிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

எண்பதுகளின் தொடக்கம். புக்கிட் மேராவில் ஏழாவது மாடியில் குடியிருந்தோம். லிஃப்ட் ஐந்தாவது மாடியில் நிற்கும், அப்புறம் ஒன்பதாவதில் நிற்கும். ஏழாவதில் இருப்பவர்கள் இரண்டு மாடி ஏறியும் வீட்டுக்கு வரலாம், இரண்டு மாடி இறங்கியும் வரலாம். அந்த அளவுக்குச் சுதந்திரத்தை எங்களுக்கு விட்டுவைத்திருந்தார்கள்.

என் கணவர் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் ஃபோர்மன். முப்பத்து சொச்சம் வயது. நோய் என்றால் மற்றவர்களுக்கு வருவது என்று நம்புகிற உடம்பு. நான் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அவர் கப்பலை ஒட்டுவார், நான் கப்பல் வரும் தேதியை அடிப்பேன். இருவரும் கப்பலில் ஏறியது மட்டும் கிடையாது.

மழைக்காலத்தில் ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. கம்பெனி டாக்டரிடம் போனார். அந்த டாக்டர் ரொம்பவும் நேர்மையான மனிதர். யாருக்கும் பாரபட்சம் பார்க்க மாட்டார். காய்ச்சல் என்று போனாலும் கால் பிசகிவிட்டது என்று போனாலும் எல்லாருக்கும் அதே வெள்ளை, மஞ்சள், ரோஸ் மாத்திரைகள்தான். கூடவே இரண்டு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு. காய்ச்சல் போய்விட்டது. ஆனால் ஒன்பதாவது மாடியிலிருந்து ஏழாவதுக்கு இறங்கும்போது என் கணவர் நடுப்படியில் நிற்க ஆரம்பித்தார்.

"ஏறும்போது மூச்சு வாங்கினா சரி. எறங்கும்போது என்னங்க மூச்சு வாங்குது?" என்று கேட்டேன்.

"வாயுதான்லா," என்றார்.

நானும் இஞ்சி தட்டிப் போட்டேன், ஓமம் கொதிக்கவைத்தேன். வாயு அசைந்துகொடுக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் பட்டறையிலிருந்து லாரியில் ஏற்றி நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் ஆபீசிலிருந்து ஓடிப்போய்ப் பார்த்தபோது உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. அப்போதும் என்னைப் பார்த்து, "பிள்ளையை ஸ்கூல்லேருந்து யாரு கூட்டிட்டு வருவா?" என்று கேட்டார்.

வார்டு என்றால் ஒரு நீண்ட கூடம், மேலே காற்றாடிகள், இரண்டு பக்கமும் கட்டில்கள். அங்கேதான் ஒரு சீன டாக்டரைப் பார்த்தேன். என்னைவிட இளையவராக இருப்பார். கண்ணுக்குக் கீழே கருவளையம்; சட்டைப் பையில் பேனா கசிந்து நீலக் கறை. படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்து, சுற்றிவளைக்காமல் சொன்னார். காய்ச்சலைக் கொண்டுவந்த கிருமி இதயத் தசையைப் பிடித்திருக்கிறது. கிருமியை எதிர்க்கப் போன உடம்பு, வேகத்தில் தன் இதயத்தையே அடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் இதயம் வீங்கிச் சோர்ந்து, சரியாகப் பம்ப் அடிக்கவில்லை.

"என்ன மருந்து டாக்டர்?"

"தண்ணி எறங்க மாத்திரை இருக்கு. துடிப்புக்கு ஒரு மாத்திரை இருக்கு. உப்பு கூடாது. மாசக்கணக்கா ஓய்வு எடுக்கணும். வீக்கத்தை நேரா குணப்படுத்துற மருந்து எங்ககிட்ட இல்ல. சில பேருக்கு முழுசா சரியாயிடும். சில பேருக்குப் பாதி. சில பேருக்கு ஆகாது. இவருக்கு எப்படின்னு இப்பவே என்னால சொல்ல முடியாது."

எங்கள் குடும்பத்தில் இந்த மாதிரி உண்மை பேசுகிற டாக்டருக்கு மரியாதை கிடைக்குமா? மாமியார் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "படிப்பு பத்தல." ஓய்வு எடுக்கச் சொல்வதற்கு ஒரு டாக்டரா, அதைத் தானே சொல்லிவிடலாமே என்றார். ஓய்வே எடுக்கவிடாதபடி வந்து வந்து அதைச் சொன்னார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய் இளைஞர். கேலாங் சிராய்க்காரர். காற்பந்து ஆடுகிறவர், காலைப் பார்த்தாலே தெரியும். அவருக்கும் இதே நோய், இதே டாக்டர், இதே மாத்திரை. என் கணவரை 'அபாங்' என்றுதான் கூப்பிடுவார்; மலாயில் அண்ணன். உப்பில்லாத கஞ்சி வந்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "அபாங், இதைச் சாப்பிடறதுக்கு பந்தையே வேகவெச்சுச் சாப்பிடலாம்," என்பார் அவர் மலாயில். அவருடைய அம்மா தினமும் மூடிபோட்ட பாத்திரத்தோடு வருவார். உள்ளே இருப்பதைக் கொடுக்க மிஸ்ஸி, வார்டு நர்ஸ், விடமாட்டார். அந்த அம்மா கோபித்துக்கொள்ளாமல் அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போவார். என் வாழ்க்கையில் சாப்பிட்ட மிக நல்ல மிளகாய்ச் சாம்பால் அதுதான். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, அழுதுகொண்டே சாப்பிட்டிருக்கிறேன். காரத்தினால் அழுகிறேன் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். வசதியாகப் போயிற்று.

சில வாரத்தில் இருவரையுமே வீட்டுக்கு அனுப்பினார்கள். என் கணவரைக் கொழுந்தனும் அவர் நண்பரும் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கினார்கள். ஃபோர்மனுக்கு வெட்கம் தாங்கவில்லை. எதிரே வந்தவர்களிடமெல்லாம், "சும்மா, டாக்டர் சொன்னாரு," என்று விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் மருத்துவ மாநாடு ஆரம்பித்தது. நாங்கள் கத்தோலிக்கர்கள்; பங்குச் சபையிலிருந்து ஜெபக்குழு வந்து மந்திரித்த எண்ணெயை நெற்றியில் பூசியது. எதிர்வீட்டு அம்மா சிராங்கூன் சாலைக் கோயிலிலிருந்து விபூதி கொண்டுவந்து அதே நெற்றியில் இட்டார். எண்ணெயில் விபூதி நன்றாக ஒட்டிக்கொண்டது. ஒருத்தர் பூண்டு என்றார், ஒருத்தர் மருதம்பட்டை என்றார். ஒருத்தர், தன் சித்தப்பாவுக்கு இதே நோய் என்று தொடங்கி, அவர் எப்படிச் செத்துப்போனார் என்பதை என் கணவர் எதிரிலேயே விவரமாகச் சொல்லி முடித்து, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

இந்த நேரத்தில்தான் அண்ணன் வந்தார். அண்ணன் என்றால் என் நாத்தனாரின் கணவர். என் கணவருக்கு அத்தான். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். ஒரு பொருளை நம்பிவிட்டார் என்றால் அதை உலகமே நம்பும்வரை விடமாட்டார். எழுபதுகளில் கையில் காந்த வளையல் போட்டுக்கொண்டு திரிந்தார். அப்புறம் தேனீ ராணி சாப்பிடும் பால் வந்தது. அதற்கப்புறம் காலை வைத்தால் கிடுகிடுவென்று ஆட்டும் ஒரு இயந்திரம். அது கீழ்வீட்டுக்காரரின் தூக்கத்தைத்தான் முதலில் குணப்படுத்தியது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். எதையும் தனக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ள மாட்டார். அவர் ஏமாறும்போது எங்கள் எல்லாரையும் சேர்த்துக்கொள்வார்.

"மாப்ள, ஒனக்கு வழி பொறந்தாச்சு," என்றார், செருப்பைக் கழற்றும்போதே. "செல் தெரபி. ஐரோப்பாவுல ராஜாக்களும் சினிமா நட்சத்திரங்களும் போட்டுக்கிறாங்க. இன்னும் பொறக்காத ஆட்டுக்குட்டி இருக்கு பாரு, அதோட இதயத்துலேருந்து உயிரோட செல் எடுக்கிறாங்க. அதை ஊசியில ஏத்தி ஒனக்குப் போட்டா, அது ஒன் இதயத்துக்குப் போயி புதுசா தசை வளத்துடும்."

"ஊசி எங்கண்ணே போடுவாங்க? நெஞ்சுலயா?" என்று கேட்டேன்.

"சே சே. பின்னாடி."

"அங்கேருந்து நெஞ்சுக்கு எப்படிப் போகும்?"

"செல்லுக்கு வழி தெரியும் தங்கச்சி."

அண்ணனுக்குத் தேக்காவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வர பஸ் நம்பர் தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஜூரோங் பக்கம் போய்த் திரும்பி வருவார். பிறக்காத ஆட்டுக்குட்டியின் செல்லுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

ஒரு ஹோட்டலில் விளக்கக்கூட்டம் என்று என்னை அழைத்துப்போனார். ஏர்கான் குளிர், வெள்ளை விரிப்பு, தேத்தண்ணி, கறிபாப். மேடையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர். அவர் டாக்டரா என்று கேட்டேன். "டாக்டர்களுக்கே சொல்லிக்குடுக்கிறவரு," என்றார் அண்ணன். டாக்டர் இல்லை என்பதை இவ்வளவு மரியாதையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. திரையில் பனிமலையும் பச்சைப் புல்லும் ஆடுகளும் காட்டினார்கள். ஆடுகள் ஆரோக்கியமாகத்தான் இருந்தன. இதயத்துக்கு இதய செல், கல்லீரலுக்குக் கல்லீரல் செல், முதுமைக்கு எல்லாம் கலந்தது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் 'இறைவனின் ஆட்டுக்குட்டியே' என்று பாடித் துதிக்கிற குடும்பம் நாங்கள். அது ஊசியிலும் வரும் என்று இதுவரை யாரும் சொல்லித்தரவில்லை.

"சரியாகலன்னா?" என்று ஒரு சீனப் பாட்டி எழுந்து கேட்டார்.

"இன்னொரு முறை போட்டுக்கணும்," என்றார் கோட்டுக்காரர். கூட்டம் தலையாட்டியது.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டினேன். என் கணவர் மாதக்கணக்கில் அப்படிச் சிரித்ததில்லை. சிரித்து இருமல் வந்து, நானே பயந்துபோய் நிறுத்தினேன். ஊசிப் பேச்சு அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனபோது அவர் மிஸ்ஸியிடம் அந்த மலாய் இளைஞரைப் பற்றி விசாரித்தார். அன்றைக்கு அவரும் வர வேண்டிய நாள். இருவரும் சேர்ந்து வெளியே தே தாரிக் குடிப்பதாகப் பேச்சு. மிஸ்ஸி கையிலிருந்த ஃபைலை மூடிவைத்துவிட்டு, மெதுவான குரலில், அவர் போன வாரம் இறந்துவிட்டார் என்று சொன்னார். வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

என் கணவர் டாக்டர் அறைக்குள் போனார். டாக்டர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னார், சட்டையைக் கழற்றினார், போட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். புக்கிட் மேரா வருவதற்குள் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அத்தான்கிட்ட சொல்லிடு. ஊசி போட்டுக்கிறேன்."

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீசிலிருந்து தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமைக்கு அண்ணன் நாள் குறித்துவிட்டதையும் சேர்த்து விஷயத்தைச் சொன்னேன். என் குரலில் இருந்த கேலி பாதியிலேயே தீர்ந்துபோயிற்று. அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. மென்றதை விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"உங்க வீட்டுக்காரர் உடம்பு ஏற்கெனவே தன் இதயத்தோட சண்டை போட்டுக்கிட்டிருக்கு. இப்பத்தான் அடங்கி வருது. அதுக்குள்ள ஆட்டைக் கொண்டுபோய் விட்டா புதுச் சண்டை வரும். ஊசி போட்ட இடத்துலயே மூச்சு நின்னு போகலாம்."

"அப்ப செல்லுன்னு சொல்றது எல்லாமே பொய்யா டாக்டர்?"

"என்னைக்காவது ஒரு நாள் செல்லை வெச்சு இதயத்தைச் சரிபண்ணினாலும் பண்ணுவாங்க. எனக்குத் தெரியாது. ஆனா அது ஆட்டுலேருந்து வராது, அந்த ஆள்கிட்டேருந்து வராது, இந்தச் சனிக்கிழமை வராது."

அப்படியே போய் வீட்டில் சொன்னேன். என் கணவர் சமையலறை வாசலில் சாய்ந்து நின்று முழுவதையும் கேட்டார்.

"அவரு சொல்றது எல்லாம் சரியாத்தான் இருக்கும்," என்றார். "காத்திருங்கன்னு சொல்றாரு. அந்தப் பையன்கிட்டயும் அதைத்தான் சொன்னாரு. அவனும் காத்திருந்தான்."

"அதுக்காக ஆட்டுக்கிட்டப் போறதா?"

"ஒனக்கு என்ன, நீ வேலைக்குப் போயிட்டு வரே. நான் நாள் முழுக்க உக்காந்து என் நெஞ்சு அடிக்கிறதையே கேட்டுக்கிட்டு இருக்கேன். ஏதாவது ஒண்ணு செஞ்சோம்னு இருக்கணும்ல. சும்மா உக்காந்துகிட்டே போயிட்டேன்னு இருக்கக் கூடாது."

வாய்க்கு வாய் பேசுகிறவள் என்று எனக்குப் பெயர். அன்றைக்கு அடுப்பைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த அடுப்புதான்.

சனிக்கிழமை ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு கட்டடத்தின் மேல்மாடிக்கு மூவரும் போனோம். அங்கே லிஃப்ட் எல்லா மாடியிலும் நின்றது. கால் புதையும் கம்பளம், மீன்தொட்டி, மெல்லிய இசை. நோயாளிகளைவிட சோபாக்கள் ஆரோக்கியமாக இருந்தன. கோட்டுக்காரர் வந்து என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "சரியான நேரத்துக்கு வந்திருக்கீங்க," என்றார். நாடி பார்க்கவில்லை. நெஞ்சில் குழாய் வைக்கவில்லை. செல்லுக்குத்தான் எல்லாம் தெரியுமே, இவர் எதற்குப் பார்க்க வேண்டும்?

என் கணவர் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். கை நடுங்குவதை மறைக்க அப்படி அழுத்திக்கொண்டிருந்தார். அதை நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்துவிட்டார்.

"மாப்ள, பயப்படாதே. நான் மொதல்ல போட்டுக்கிறேன். பாத்துட்டு நீ வா."

"ஒங்களுக்கு என்னண்ணே நோய்?" என்றேன்.

"நோய் இருந்தாத்தானா? பொதுவான பலத்துக்கு." வழுக்கையை ஒருமுறை தடவிக்கொண்டார். முடி முளைக்கும் என்கிற நம்பிக்கையும் அவர் கூடவே உள்ளே போயிற்று.

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார், இடுப்பைத் தேய்த்துக்கொண்டு, வெற்றிச் சிரிப்போடு. "கொசு கடிச்ச மாதிரிதான். போ மாப்ள." என் கணவர் எழுந்தார். வரவேற்பில் இருந்த பெண், உள்ளே தயார் செய்கிறார்கள், கொஞ்சம் உட்காருங்கள் என்றாள். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

அண்ணன் உள்ளங்கையைச் சொறிய ஆரம்பித்தார். அப்புறம் கழுத்து. அப்புறம் காது. முகம் சிவந்தது. கொசு கடித்தது என்றாரே, உடம்பெல்லாம் கொசு கடித்த மாதிரி தடித்துத் தடித்து எழும்பியது. உதடு வீங்கிக்கொண்டே வந்தது.

"இது நல்ல அறிகுறிதான்," என்றாள் வரவேற்புப் பெண், பாடம் ஒப்பிப்பது போல. கோட்டுக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். "செல் தன் எடத்தைத் தேடுது," என்றார். அவர் முகம் மட்டும் அப்படி நினைக்கவில்லை.

அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை. அவருக்குப் பேச்சு வராமல் போனதை முதலும் கடைசியுமாக அன்றைக்குத்தான் பார்த்தேன். தொண்டையிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. மீன்தொட்டியில் மோதிச் சரிந்தார்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடு!" என்று ஒரு குரல் கேட்டது. கப்பல் தளத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கேட்கிற குரல். மாதக்கணக்கில் தலையணையோடு பேசிக்கொண்டிருந்த என் கணவரின் குரல். கோட்டுக்காரர் தயங்கினார்; வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றால் நன்றாக இருக்காது என்று அவருக்குக் கவலை. என் கணவர் காத்திருக்கவில்லை. ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான், நடுவில் பருத்த உடம்போடு அண்ணன். "நீங்க தூக்காதீங்க, நீங்க தூக்காதீங்க," என்று நான் கத்திக்கொண்டே வந்தேன். அவர் காதில் வாங்கினால்தானே.

டாக்சியில் என் மடியில் அண்ணனின் தலை. முன்சீட்டில் என் கணவர், சாம்பல் நிறத்தில், கதவைப் பிடித்துக்கொண்டு. சீன டாக்சிக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதற்கப்புறம் சிவப்பு விளக்கைப் பார்க்கவே இல்லை. யாருக்காக ஜெபம் செய்வது என்றே எனக்குத் தெரியவில்லை. கடைசியில் இருவருக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லிவைத்தேன்.

அவசரப் பிரிவில் அண்ணனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரே ஊசி. அன்று அவருக்குப் போட்ட இரண்டாவது ஊசி எந்த நாட்டு ஆட்டிலிருந்தும் வரவில்லை. அது வேலை செய்தது. மூச்சு திரும்பியது.

செய்தி எப்படியோ மேலே போயிருக்கிறது. எங்கள் டாக்டர் படியிறங்கி வந்தார். நேராக என் கணவரிடம் போய், உட்காரவைத்து, மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீங்க போட்டுக்கிட்டீங்களா?"

"இல்ல டாக்டர். அதுக்குள்ள..."

டாக்டர் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். எங்கள் குடும்பத்தில் அதற்குப் பழக்கம் உண்டு.

இரண்டு பேரையும் வார்டில் வைத்துக்கொண்டார்கள், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில். என் நாத்தனார் மாலையில் வந்தார். தம்பியைத் தடவிக்கொடுத்தார். பிறகு கணவரைப் பார்த்து, "எனக்குத் தெரியாம என் தம்பியைக் கொல்லப் பாத்தீங்களா?" என்று ஆரம்பித்தவர், நேரம் முடிந்துவிட்டது என்று மிஸ்ஸி வந்து சொல்லும்வரை நிறுத்தவில்லை. வார்டே அமைதியாகக் கேட்டது. அண்ணன் உதடு இன்னும் முழுசாக வற்றாததால் பதில் சொல்ல வழியில்லை.

மறுநாள் வற்றிவிட்டது. என்னைப் பார்த்ததும் முதல் பேச்சு: "பாத்தியா தங்கச்சி, என்ன பவர்! நல்லா இருக்கிற ஆளையே இப்படிச் சாய்ச்சிடுச்சு."

அந்த மேல்மாடி இடம் கொஞ்ச நாளில் மூடிவிட்டது. கோட்டுக்காரர் எங்கே போனார் என்று தெரியவில்லை. எங்கே போனாலும் வழி தெரிந்திருக்கும்.

என் கணவர் ஊசிப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. மாத்திரை, உப்பில்லாத சோறு, ஓய்வு. ஒன்றும் செய்யாமல் இருப்பதைப் போலக் கடினமான வேலையை அவர் வாழ்நாளில் செய்ததில்லை. மெல்ல மெல்ல ஒரு மாடி நிற்காமல் இறங்கினார். அப்புறம் இரண்டு மாடி. பல மாதங்கள் கழித்து, புதிதாக வந்த ஒரு இயந்திரத்தில் இதயத்தை டிவி மாதிரி காட்டினார்கள். சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடியது. முழுசாகத் திரும்பவில்லை, ஆனால் போதுமான அளவு திரும்பியிருக்கிறது என்றார் டாக்டர்.

"எதனால சரியாச்சு டாக்டர்?" என்று கேட்டார் என் கணவர்.

"தெரியல."

"அந்தப் பையனுக்கு ஏன் ஆகல?"

"அதுவும் தெரியல. அவரைப் பத்தி நான் நெறைய யோசிச்சிருக்கேன்," என்றார்.

வெளியே வந்ததும் என் கணவர் வெடித்தார். "இந்த ஆளுக்கு எதுதான் தெரியும்?" சொல்லிவிட்டு, அந்த டாக்டர் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறியபோது பின்னாலேயே போய்ப் பெயரைப் பதிந்துகொண்டார். வேறு யாரிடமும் நெஞ்சைக் காட்டவில்லை.

நோன்புப் பெருநாள் வந்தால் கேலாங் சிராய்க்குப் போய்வருவார். அந்தப் பையனின் அம்மா அவரை 'மகனே' என்றுதான் அழைப்பார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொன்னதில்லை. நானும் துருவவில்லை. திரும்பி வரும்போது கையில் மூடிபோட்ட பாத்திரம் இருக்கும்.

வெல்டிங்குக்கு இனி போக முடியாது என்று பட்டறையில் ஸ்டோருக்கு மாற்றினார்கள். போல்ட்டையும் நட்டையும் எடுத்துக்கொடுக்கிற வேலை. ஃபோர்மனாக இருந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. மாலையில் வந்து செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொள்வதிலிருந்து தெரிந்துகொள்வேன். எண்பதுகளின் நடுவில் தெம்பனிஸுக்குக் குடிபெயர்ந்தோம். இரண்டாவது மாடி வீட்டைத் தேடிப் பிடித்தேன். இங்கே நல்ல காற்று வராது என்றார் மாமியார். படி குறைவு என்றேன் நான்.

குடிபோன அன்று பங்குத் தந்தை வந்து வீட்டை மந்திரித்தார். பங்குக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் நடுவில் உட்கார்ந்து கதையை ஆரம்பித்துவிட்டார். அவர் சொன்ன கதையில் ஊசி இரண்டு மடங்கு நீளம். கோட்டுக்காரரை அவர் ஆரம்பத்திலிருந்தே சந்தேகப்பட்டிருந்தார். "மாப்ளைக்கு ஒண்ணு ஆயிடக் கூடாதுன்னு நானே மொதல்ல குத்திக்கிட்டேன். அவனுக்காக எமன் வாசல் வரைக்கும் போயிட்டு வந்தவன் நான்," என்றார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். இப்போது ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"ஆமா," என்றார் அவர். "அத்தான் இல்லன்னா நான் இல்ல."

அவரைச் சமையலறையில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். "என்னங்க ஆமா? அவருதானே ஒங்களை அங்க கூட்டிட்டுப் போனாரு?"

"கூட்டிட்டுப் போனாருதான். என் கை நடுங்கினதைப் பாத்துட்டு அவரு மொதல்ல போகலன்னா, நான்தானே போயிருப்பேன்?" என்றார். "என் ஒடம்புக்கு அது தாங்கியிருக்குமா? உண்மைதானே அவரு சொல்றது?"

உண்மைதான். எவ்வளவு யோசித்தும் அதில் ஒரு பிழைகூட எனக்குக் கிடைக்கவில்லை. கோழிக்கறிச் சட்டியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். அண்ணன் தட்டில் இன்னும் இரண்டு துண்டு வைத்தேன்.

தட்டைப் பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கால் பீஸ் இல்லையா தங்கச்சி?" என்றார்.